வாணி விலாச சன்னிதானத்தின் பெங்களூர்: தமிழில் நடக்கும் பாரம்பரிய நடை எப்படி?

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ வாசலில் தொடங்கி லால்பாக்கில் முடிகிற நடை இது. ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று மணி நேரம், தலைக்கு 600 ரூபாய், சிற்றுண்டியும் அதிலேயே சேர்த்தி. பெங்களூரில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இப்படிப்பட்ட நடைகளுக்குக் குறைவில்லை. தமிழில் முழுக்கப் பேசி நடத்துகிறவர்கள் அரிது. அதிலும் ஒரே ஒரு அரசியைப் பற்றி மட்டும் மூன்று மணி நேரம் பேசத் துணிவது பாராட்ட வேண்டிய காரியம்.

அந்த அரசி கெம்பநஞ்சம்மண்ணி. 1866-ல் பிறந்தவர், மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையாரை 1878-ல் மணந்தவர், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் தாய், 1895 முதல் 1902 வரை வயது வராத மகனுக்குப் பதிலாக ஆளும் ரீஜென்ட் பொறுப்பில் இருந்தவர். ஊருக்கு அவரைத் தெரிவது வாணி விலாச சன்னிதானம் என்ற பெயரில்தான். மைசூர் அரண்மனையில் ராணிகளைச் சொந்தப் பெயரால் குறிப்பிடுவது வழக்கமில்லை. அவரவர் வசித்த பகுதியின் பெயரோடு 'சன்னிதானம்' சேர்த்துச் சொல்வார்கள்: லட்சுமி விலாச சன்னிதானம், ராம விலாச சன்னிதானம் என்று. இந்த விளக்கத்தை வழிகாட்டி முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார். நல்ல தொடக்கம். இது தெரியாமல் போனால் 'வாணி' என்பது அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டே மூன்று மணி நேரமும் நடந்துவிடுவோம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போகலாம், குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். ஆனால் கையில் மூன்று தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள்: 28 டிசம்பர் 1894, 8 ஆகஸ்ட் 1902, 1934. முதல் தேதி வரை அவர் பட்டத்து ராணி, அதாவது அரசரின் துணைவி. அன்று கல்கத்தாவில் சாமராஜேந்திரர் தொண்டை அடைப்பான் நோயில் 31 வயதில் இறந்தார். மூத்த மகனுக்கு அப்போது பத்து வயது. அதிலிருந்து இரண்டாவது தேதி வரை அவர் ரீஜென்ட். அன்று மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் வைஸ்ராய் கர்சன் பிரபு, கெம்பநஞ்சம்மண்ணியின் மகனிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு 1934-ல் மறையும் வரை ராஜமாதா. நடையில் நிற்கிற ஒவ்வொரு கட்டடமும் இந்த மூன்று காலங்களில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். வழிகாட்டி சரளமாகப் பேசுகிறார், குரலில் பிரியம் இருக்கிறது. ஆனால் மூன்று காலங்களையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிடுகிறார். 'ராணி கட்டினார்', 'ராணி கொடுத்தார்' என்ற இரண்டு வினைச்சொற்களிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

தமிழ்ச் சொல்லுக்கும் இதில் பங்குண்டு. அரசனின் மனைவியையும் ராணி என்கிறோம், தானே ஆண்டவளையும் ராணி என்கிறோம். துணைவிக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. கொடை, கல்வி, கோயில், சடங்கு என்று செல்வாக்கு மட்டும்தான். ரீஜென்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இரவல் அதிகாரம். வாரிசுக்கு வயது வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நமக்கு இதற்கு நல்ல உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. ராணி மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் மனைவி. பிறகு 1689 முதல் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆண்டவர். இந்த ஒப்பீட்டை வழிகாட்டி ஒரு வரியில் சொன்னால் தமிழ்க் கூட்டத்துக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிடும். சொல்லவில்லை.

முதல் நிறுத்தம் விக்டோரியா மருத்துவமனை. நடையிலேயே மிகச் சிறப்பான இருபது நிமிடம் இங்கேதான். விக்டோரியா மகாராணி அரியணையேறி அறுபது ஆண்டு நிறைந்ததன் நினைவாக 22 ஜூன் 1897 அன்று அடிக்கல் நாட்டியவர் கெம்பநஞ்சம்மண்ணி. 8 டிசம்பர் 1900 அன்று திறந்து வைத்தவர் கர்சன். தொடக்கத்தில் 140 படுக்கைகள். அடிக்கல்லும் திறப்பும் இரண்டுமே ரீஜென்சி காலத்துக்குள் விழுகின்றன. ஆகவே இது ஐயமில்லாமல் அவர் ஆட்சியின் வேலை. இடையில் 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நுழைந்தது. நெரிசலான பேட்டையில், அதாவது பழைய ஊரில், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஊர் தெற்கே பசவனகுடிப் பக்கமும் வடக்கே மல்லேஸ்வரம் பக்கமும் விரிந்ததற்கு அந்தக் கொள்ளைநோய் பெரிய உந்துதல். இதை வழிகாட்டி நன்றாகவே விவரிக்கிறார். பிளேக்குக்கு முன்பே அந்த விரிவாக்கங்களுக்குக் கோடு போட்டாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். பலர் கோட்டை விடுகிற இடம் இது.

அடுத்த கட்டடம் சில அடி தூரத்தில்: வாணி விலாஸ் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை. இங்கேதான் முதல் சறுக்கல். 'ராணியம்மா தாய்மார்களுக்காகத் திறந்து வைத்தார்' என்கிறார். திறக்கப்பட்டது 1935-ல், அவர் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். இது அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை, அவர் திறந்த மருத்துவமனை இல்லை. பெயர்ப்பலகையைச் சான்றாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழை. மைசூர் சமஸ்தானத்தில் ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று நாள்கள் இருக்கும்: அடிக்கல் நாள், திறப்பு நாள், பெயர் சூட்டிய நாள். மூன்றும் மூன்று ஆட்சியில் விழலாம். இணையக் குறிப்புகளில் இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் இருக்கும். அதை எடுத்து மற்ற இரண்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

இந்த வாசலில் இன்னொன்று. பிரசவத்துக்கு வந்தவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் போகும் வழியில் பதினெட்டுப் பேர் அரைவட்டமாக நின்றால் ஆட்டோ உள்ளே நுழைய முடிவதில்லை. எதிர்ப்புற நடைபாதையில் நின்று பேசலாம், கட்டடம் அங்கிருந்து இன்னும் நன்றாகவே தெரியும். நோயாளிகள் இருக்கும் பக்கம் போனைத் தூக்க வேண்டாம் என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்வது சரியான செயல். பக்கத்திலிருக்கும் மிண்டோ கண் மருத்துவமனைக் கட்டடம் 1913-ஐச் சேர்ந்தது, மகன் காலம். அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். போதும்.

ஹெட்செட் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆளுக்கொரு சிறிய ரிசீவரும் ஒரு காதுக்கான இயர்போனும் தருகிறார்கள். மார்க்கெட் இரைச்சலில் அது இல்லாமல் ஒரு சொல்லும் கேட்காது. ஆனால் வழிகாட்டியிடமிருந்து முப்பது அடிக்கு மேல் விலகினால் கரகரப்பு தொடங்குகிறது. கோட்டைச் சுவரின் வளைவில் முழுசாகவே அறுந்துபோகிறது. முன்வரிசையோடு நடப்பதுதான் வழி. புறப்படும்போதே பேட்டரி அளவைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கோடுக்குக் கீழே இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறார்கள்.

கோட்டை வாசலில் கதை நூறாண்டு பின்னால் போகிறது. லட்சுமம்மண்ணி, இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் துணைவி. ஹைதர் அலி கையில் அதிகாரம் போன பிறகு உடையார் குடும்பத்தை மீட்க முப்பதாண்டுக்கு மேல் ரகசியமாகப் போராடியவர். அவருடைய தூதர் திருமலை ராவ் கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1782-ல் செய்துகொண்ட உடன்படிக்கை தஞ்சாவூரில் உருவானது என்பதைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் ஐந்து வயது மூன்றாம் கிருஷ்ணராஜர் அரியணையில் அமர்ந்தார். நமக்குத் தெரிந்த இன்னொரு ராணியை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கணவர் முத்துவடுகநாதர் 1772-ல் காளையார்கோயிலில் கொல்லப்பட்ட பிறகு, சிவகங்கையை மீட்க வேலு நாச்சியார் தேடிப் போனது இதே ஹைதரின் உதவியைத்தான். 1780-ல் மீட்டும் விட்டார். ஒரே பத்தாண்டு, கணவனை இழந்த இரண்டு ராணிகள். ஒருவருக்கு ஹைதர் பகை, மற்றவருக்குத் துணை. தமிழில் நடத்தும் நடைக்கென்றே காத்திருக்கும் இணைப்பு இது. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம்.

லட்சுமம்மண்ணியைப் பற்றிப் பேசும்போது ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த படத்தின் அச்சுப்பிரதியைக் காட்டுகிறார்கள். மூன்று அரசகுலப் பெண்கள். அவர்களில் ஒருவர் மூன்றாம் கிருஷ்ணராஜரின் இளம் ராணி தேவஜம்மண்ணி என்றும், சேலையை விலக்கி மேற்கையில் அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்தைக் காட்டுகிறார் என்றும் வரலாற்றாளர் நைஜல் சான்சலர் வாசித்தார். அதற்கு முன்பு வரை அது நடனப் பெண்களின் படம் என்றே நினைத்திருந்தார்கள். அரசரின் துணைவிக்குப் பொதுவாழ்வில் என்ன வேலை என்ற கேள்விக்கு இந்த ஒரு படமே பதில் சொல்கிறது. ஊசிக்குப் பயந்த குடிமக்கள் முன், அந்தப்புரத்தை விட்டு வராத ஒரு பெண் தன் கையைக் காட்டி நிற்கிறாள். உத்தரவு போடும் அதிகாரம் அவளிடம் இல்லை. முன்னால் நின்று காட்டும் இடம் இருந்தது. படத்தை ஏ3 அளவிலாவது அச்சடிக்க வேண்டும். இப்போதைய கைப்பிரதியில் தடுப்பூசித் தழும்பைக் காட்டும் கையே சரியாகத் தெரியவில்லை.

கோட்டையிலிருந்து கே.ஆர். ரோடு வழியாகத் தெற்கே நடக்கிறோம். இந்த ஒரு கிலோமீட்டரில்தான் ரீஜென்சியின் பெரிய வேலைகள் எல்லாம் பேச்சில் வருகின்றன. பார்க்க எதுவும் இல்லாத நீளம் இது, பேசத் தோதானது. மூன்றைப் பார்க்கலாம்.

சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம்: 30 ஜூன் 1902 அன்று மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் பயணம் செய்து கோலார் தங்கவயலை எட்டியது. ரீஜென்சி முடிய ஆறு வாரம்கூட இல்லாத நேரம். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் என்பதால் இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவருக்குச் சொந்தக் கதை இருக்கும். வழிகாட்டி அதற்கு நேரம் விடுகிறார், அழகு. ஆனால் பெங்களூர்த் தெருவிளக்கும் அப்போதே எரிந்தது என்கிறார். அது 1905 ஆகஸ்டில், மகன் ஆட்சியில்.

மாரி கணிவே அணை: சித்ரதுர்கா மாவட்டம் ஹிரியூர் அருகே வேதாவதி ஆற்றில், ரீஜென்சி காலத்தில் தொடங்கி 1907-ல் முடிந்தது. வாணி விலாச சாகரம் என்ற பெயர் அதனால்தான். 1933-க்குப் பிறகு 2022-ல்தான் அது மீண்டும் நிரம்பி வழிந்தது. மழை குறைந்த நிலத்தில் எவ்வளவு பெரிய கொள்ளளவுக்குத் திட்டமிட்டார்கள் என்பதை இந்த ஒரு தகவல் காட்டிவிடும்.

மைசூர் அரண்மனை: மூத்த இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்தது. புதியதைக் கட்ட ஹென்றி இர்வினை நியமித்தவர் ரீஜென்ட். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கைவைத்தவர் இந்த இர்வின். கட்டி முடித்தது 1912-ல், செலவு 41 லட்சத்துக்கு மேல். தொடங்கியது தாய், குடியேறியது மகன்.

இந்திய அறிவியல் கழகத்துக்கு 371 ஏக்கர் கொடுத்ததையும் அவர் கணக்கிலேயே எழுதுகிறார்கள். நிலம் கைமாறியது 1907-ல். அந்தக் கழகத்துக்கான டாட்டாவின் திட்டம் பெங்களூரை நோக்கித் திரும்பிய ஆண்டுகள் ரீஜென்சிக்குள் வருகின்றன, அதைச் சொல்லலாம். 371 ஏக்கரை அவர் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது.

இவற்றில் ராணியின் கை எவ்வளவு, தலைமை அமைச்சரான திவானின் கை எவ்வளவு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் குமாரபுரம் சேஷாத்ரி ஐயர் 1883 முதலே திவான். சாமராஜேந்திரர் காலத்திலேயே வேரூன்றியவர். ரீஜென்சியில் திவானைத் தலைவராகக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இயங்கியது. திட்டங்களின் பொறியியலும் கணக்கும் திவானும் அவர் ஆட்களும் செய்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் 28 வயதில் கணவனை இழந்த ஒரு பெண், பழைய திவானை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பிளேக்கும் அரண்மனைத் தீயும் வந்த காலத்தில் அணைக்கும் மின்சாரத்துக்கும் கஜானாவைத் திறந்து வைத்தார். அது ஆட்சிதான். சேஷாத்ரி ஐயர் விலகியபோது பொறுப்புத் திவானாக இருந்தவர் டி.ஆர்.ஏ. தம்பு செட்டி, அவரும் தமிழர். காக்ஸ் டவுன் பக்கம் போனால் தம்பு செட்டி ரோடு இருக்கிறது. சென்னை பாரிமுனைத் தம்பு செட்டித் தெருவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு ஆள்.

இங்கே ஒரு பெரிய விடுபடல், மன்னிக்கக் கடினமானது. ரீஜென்டின் ஆணை பெங்களூரில் பாதி ஊருக்குத்தான் செல்லும். 1881-ல் மைசூரை உடையார்களிடம் திருப்பித் தந்தபோது படைகள் தங்கிய கண்டோன்மென்ட் பகுதியைப் பிரிட்டிஷார் தங்கள் நிர்வாகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்; 1947 வரை அப்படித்தான். அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகள் எல்லாம் அந்தப் பக்கம். அவர்களுக்குப் பௌரிங் மருத்துவமனை, பேட்டைக்கு விக்டோரியா. நடை ஏன் கே.ஆர். மார்க்கெட்டை விட்டுக் கிழக்கே போகவில்லை என்பதற்குக் காரணமே இதுதான். நடையில் வருகிறவர்களில் பாதிப்பேர் அல்சூர்க்காரர்கள். தங்கள் பாட்டன் பூட்டன் இந்த மகாராணியின் குடிகளா இல்லையா என்று தெரியாமலே வீடு திரும்புகிறார்கள்.

வி.வி.புரத்தில் சிற்றுண்டி. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. நின்றபடி சாப்பிடும் தர்ஷினி. சட்னி நன்றாக இருந்தது. கை கழுவும் இடம் உண்டு, கழிப்பறை இல்லை. வயதானவர்கள் மெட்ரோ நிலையத்திலேயே போய்விட்டு வருவது நல்லது. வி.வி.புரம் என்றால் வாணி விலாசபுரம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, வழிகாட்டி திருத்தினார்: அது விஸ்வேஸ்வரபுரம். வாணி விலாஸ் பெயர் பக்கத்துச் சாலையில் இருக்கிறது. மைசூரில் இருக்கும் வி.வி. மொஹல்லாதான் வாணி விலாஸ்.

வாணி விலாஸ் ரோட்டில் அவருடைய துணைவிக் காலத்தை, அதாவது 1894-க்கு முந்தையதைப் பேசுகிறார்கள். மைசூரில் 1881-ல் தொடங்கிய மகாராணி பெண்கள் பள்ளி, அரச ஆதரவில் வளர்ந்து 1901-ல் கல்லூரியானது. பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு 'மகாராணி' என்ற சொல்லே உத்தரவாதமாக இருந்தது. இந்தப் பகுதிக்கு ஏழு நிமிடம் மட்டும் ஒதுக்குகிறார்கள், அதுவும் போக்குவரத்து இரைச்சலில். கோட்டை அருகே வாணி விலாஸ் பெண்கள் பள்ளி வாசலில் நின்று இதைச் சொல்லியிருந்தால் இடமும் பொருளும் சேர்ந்திருக்கும்.

லால்பாக் மேற்கு வாசலை 9 மணிக்குள் எட்டுவதாகத் திட்டம். அதற்குப் பிறகு நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும், அது 600-ல் அடங்காது. நடை தாமதமாவதற்குக் காரணம் எளிது: 7 மணிக்கு வரச் சொல்கிறார்கள், ஞாயிறன்று மெட்ரோ முதல் வண்டியே 7 மணிக்குத்தான். ஜெயநகரிலிருந்து வருகிறவருக்கே 7.20 ஆகும், பைப்பனஹள்ளிப் பக்கம் என்றால் இன்னும் மேலே. 7.45 என்று அறிவித்துவிட்டு, கோட்டையில் பேச்சைப் பத்து நிமிடம் குறைக்கலாம். மொத்த நடை நான்கு கிலோமீட்டருக்குள். ஆனால் முதல் நாள் மழை பெய்திருந்தால் மார்க்கெட் ஓரம் பூக்கழிவும் சேறும் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். சக்கர நாற்காலிக்கு இந்த வழி ஒத்துவராது. மார்க்கெட்டிலிருந்து கோட்டை வரை நடைபாதை மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது.

லால்பாக்கினுள் குதிரை மேல் அமர்ந்த சாமராஜேந்திரர் சிலையடியில் நடை முடிகிறது. ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் வலிக்கவில்லை என்றால் லால்பாக் நிலையத்தில் பச்சை வழித்தடம் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பார்க்கில் இறங்குங்கள். ஞாயிறு என்பதால் பூங்காவினுள் வண்டிகள் கிடையாது, அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். 1927 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் சாமராஜேந்திரர் பூங்கா, கணவர் பெயர். அவர் சிலையும் அங்கே உண்டு. திவான் சேஷாத்ரி ஐயருக்கு 1913-ல் வைத்த சிலையும், அதன் பின்னால் 1915-ன் சிவப்பு மண்டபமும் உண்டு. ஏழாம் எட்வர்ட் நிற்கிறார். எம்.ஜி. ரோடு முனையில், 1906-லிருந்து, விக்டோரியா மகாராணி நிற்கிறார். வாணி விலாச சன்னிதானத்துக்கு அங்கே சிலை இல்லை.